பழப்புளி போட்ட மூன்று சதம்

பேரின்பநாதன் சேர்த்துவைத்திருந்த காசைக் கொண்டு எந்தக் கடையிலும் ஒரு வெங்காயம்கூட வாங்க முடியாது. அமெரிக்காவின் மூன்று சதம். அப்படியொரு காசு இருந்ததென்பதே அமெரிக்கர்களுக்கு மறந்துபோய் நூறு வருசத்துக்கு மேலாகிறது. கனடாவில் பிரெஞ்சு பேசும் பக்கமான லாசாலில் அவரோடு ஒரே மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிற இரவிச்சந்திரன் இந்த விசயத்தை முதன்முதல் கேள்விப்பட்டபோது, சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு நிதானமாகக் கேட்டான்.

"ஏன் அண்ணை, மூண்டரைச் சதம் கிடைக்கேல்லையோ?"

"தேடிக்கொண்டிருக்கிறன். கிடைச்சால் உனக்குத்தான் முதல் சொல்லுவன்."

மற்றவர்கள் பகிடி பண்ணுவதற்கு முன் தானே தன்னைப் பகிடி பண்ணிவிடுவது பேரின்பநாதனின் பழக்கம். ஆனால் அந்தக் காசின் கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இளகிவிடும். அமெரிக்காவில் ஒரு கடிதத்துக்கு மூன்று சத முத்திரை ஒட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்த முத்திரையை வாங்குவதற்கென்றே பிறந்த காசு அது. பிறகு தபால் செலவு இரண்டு சதத்துக்கு இறங்கியது, காசுக்கு வேலை போய்விட்டது. போதாததற்குப் பத்துச் சதத்தின் அளவிலேயே இருந்து கடைக்காரர்களையும் குழப்பியது. 1889 இல் கதையை முடித்துவிட்டார்கள். வேலை போனவர்கள்மீது பேரின்பநாதனுக்கு எப்போதுமே ஒரு பாசம்.

அந்தக் குடும்பத்திலும் மிகவும் பரிதாபமான பிள்ளை அவரிடம் இருந்தது. அது ஒரு மாதிரிக் காசு. புதுக் காசு வெளியே விடுவதற்கு முன், அச்சடிக்கிற இடத்தில் வேறு உலோகத்திலோ வேறு வடிவத்திலோ சிலவற்றை அடித்துப் பார்ப்பார்கள். பேரின்பநாதனுடையது 1865 ஆம் ஆண்டுக்காரி. நிக்கல் கலந்து வெள்ளையாக வரவேண்டியவளைச் செம்பில் அடித்துப் பார்த்திருந்தார்கள். இது சரிவருமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், சரிவராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்ர முதல் அகதி விண்ணப்பம் மாதிரி," என்பார் பேரின்பநாதன். "எல்லாம் வடிவாய்த்தான் அடிச்சிருந்தது. ஒருத்தரும் ஏற்கேல்லை."

எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் பிளாட்ஸ்பர்க்கில் நடந்த ஒரு காசுச் சந்தையில், கார் மாற்றுவதற்கென்று ஒதுக்கிய பணத்தில் அதை வாங்கினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி சிவாஜினியிடம் காட்டியபோது அவள் கார் எங்கே என்று கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் தலைவாரிய பெண் ஒருத்தி. மறுபக்கத்தில், இலை வளையத்துக்குள் மூன்று கோடுகள் நிமிர்ந்து நின்றன. சிவாஜினி காசைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

"இப்ப பாருங்கோ. திருநீறு பூசினமாதிரி இருக்குது."

பழைய கார் அதன்பிறகும் ஓடத்தான் செய்தது, நெடுஞ்சாலையில் இருமிக்கொண்டு.

பேரின்பநாதன் ஒரு காசுச் சங்கத்தில் உறுப்பினர். கர்க்லாண்டில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை கூடும் சங்கம். ஓய்வுபெற்ற பல் வைத்தியர், ஓய்வுபெற்ற விமானி, ஓய்வுபெறுவதற்கென்றே பிறந்தவர்கள்போல இன்னும் சிலர். தலைவர் ஜெரார், நல்ல மனிதர், காசைப் பிள்ளையைப்போலப் பிடிப்பார். பேரின்பநாதன் என்ற பெயர் வாய்க்குள் நுழையாமல் 'பெரி' என்று சுருக்கிவிட்டார். சங்கத்தில் பெரியின் வேலை கதிரை அடுக்குவதும், சிவாஜினி பொரித்துத் தருகிற ரோல்ஸைக் கொண்டுபோய் மேசையில் வைப்பதும். ரோல்ஸ் முடிந்ததும் காசைப்பற்றிக் கதைப்பார்கள். மூன்று சதத்தைப்பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால் அநேகமாக யாராவது கோப்பியைப்பற்றிக் கேட்பார்கள்.

ஆனால் 2025 இல் காற்று அவர் பக்கம் திரும்பியது. அமெரிக்கா ஒரு சதம் அடிப்பதை நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்ததும், நவம்பர் மாதக் கண்காட்சிக்குக் 'கைவிடப்பட்ட காசுகள்' என்று தலைப்பு வைத்தார் ஜெரார். மண்டபத்தின் நடுவில், விளக்குக்கு நேர்கீழே, ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். வருசத்தின் சிறந்த காசுக்கு மட்டும் அந்த இடம். இந்த முறை அதில் பெரியின் செம்புக் காசு.

பேரின்பநாதன் அதைத் தொழிற்சாலையில் சொன்னார். கோயிலில் சொன்னார். பிறந்தநாள் விழாவொன்றில், கேக் வெட்டக் காத்திருந்தவர்களிடமும் சொன்னார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கினமோ?" என்றான் இரவிச்சந்திரன். "உங்களையோ காசையோ, அண்ணை?"

"இடம் இருந்தால் ரெண்டையும்."

இந்தச் சந்தோசம்தான் வினையாகப் போனது.

ஒக்டோபர் தொடக்கத்தில் சரஸ்வதி பூசை வந்தது. வீட்டில் அவரவர் தொழிற்சாமான் சாமித்தட்டுக்கு முன்னால் போகவேண்டும். சிவாஜினி ஒரு garderie-யில், சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற இடத்தில், வேலை செய்கிறவள்; பிள்ளைகளுக்கு வாசிக்கும் படப்புத்தகங்களை அடுக்கினாள். பேரின்பநாதன் மட்டை வெட்டுகிற கத்தியை வைத்தார், கார்த் திறப்பை வைத்தார். பிறகு, வருசம் முழுக்க மட்டை வெட்டிய கையைவிடக் காசு பிடித்த கைதான் தனக்குப் பெருமை தேடித்தரப்போகிறது என்று நினைத்து, மாதிரிக் காசையும் கொண்டுவந்தார். அது பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தது. பிளாஸ்டிக்குக்குள்ளால் சரஸ்வதிக்கு என்ன தெரியும் என்று கூட்டைத் திறந்து, காசை வெறுமையாகத் தட்டத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்து வேட்டியோடு வந்தபோது தட்டத்தில் ஏதோ பளபளத்தது.

விளக்கும் கும்பமும் மணியும் மினுங்கிக்கொண்டிருக்க, நடுவில் ஒன்று மட்டும் காய்ந்த சாணி நிறத்தில் கிடப்பதைப் பார்த்துச் சிவாஜினிக்கு மனம் கேட்கவில்லை. சாமிக்கு முன் வைக்கிற உலோகம் எதுவானாலும் முதலில் கழுவ வேண்டும். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல, கை தானாகச் செய்வது.

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ. அந்தப் பொம்பிளையின்ர மூக்கு இவ்வளவு நேர் எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சது."

பேரின்பநாதன் பார்த்தார். நூற்றறுபது வருசம் பொறுமையாகப் பழுத்த கபில நிறம் போய், காசு புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சின் நிறத்தில் இருந்தது. அதன்மேல் சந்தனப் பொட்டு வேறு.

"எதாலை மினுக்கினனீர்?"

"பழப்புளியும் உப்பும். தேங்காய்த் தும்பாலை மெல்லமாத்தான் தேய்ச்சனான்."

தும்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். காசு சேர்க்கிறவர்கள் மத்தியில் காசைக் கழுவுவது கொலைக்குச் சற்றுக் கீழான குற்றம். பழைய மேல்தோல் போனால் போனதுதான், திரும்பி வராது. இதையெல்லாம் அவர் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. ரோல்ஸுக்கு எவ்வளவு மிளகு போடலாம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"என்ன, ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்?"

பகிடி வாய்வரைக்கும் வந்தது. வழக்கமாக அதுதான் வெளியே வரும். அன்றைக்கு வேறொன்று முந்திக்கொண்டது.

"நீர் இனிமேல் என்ர சாமான் ஒண்டிலயும் கை வைக்காதையும்."

சிவாஜினி அவரைப் பார்த்தாள், பிறகு காசைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

அடுத்த நாள் காலை வேலைக்கு வெளிக்கிட்டபோது சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக இருந்தது.

"சிவாஜினி, சாப்பாடு கட்டேல்லையோ?"

"பெட்டி உங்கட சாமான்தானே."

அவருடைய சேட்டுகள் உடுப்புக் கழுவும் இயந்திரத்துக்கு வெளியே குவிந்தன. அவருடைய கோப்பிக் குவளை வைத்த இடத்திலேயே காய்ந்தது. தொலைபேசி அடித்தால், "உங்கடதுதான் அடிக்குது," என்று குசினியிலிருந்து குரல் வரும். கோபமாகச் சொன்னால்கூடச் சண்டை பிடிக்கலாம். அவள் காலநிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை அவர் காசை எடுத்துக்கொண்டு ஜெராரின் வீட்டுக்குப் போனார். ஜெரார் பூதக்கண்ணாடியால் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணாடியை மேசையில் வைத்து, எழுந்துபோய்க் கோப்பி போட்டார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அந்த மனிதருக்கு உண்மையாகவே நொந்தது.

"யார் செய்தது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"மனைவி," என்றார் பேரின்பநாதன். அந்தச் சொல் எவ்வளவு வேகமாக வந்ததென்பதைச் சொன்னபிறகுதான் கவனித்தார். கூட்டைத் திறந்து வைத்தது யார் என்று ஜெரார் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"கேள், பெரி. லாவாலில் எனக்கு ஒருவரைத் தெரியும். கந்தகம் வைத்து ஏதோ செய்வார். கண்காட்சிக்குள் பழையபடி கறுத்துவிடும். யாருக்கும் தெரியாது, நாம் சொல்லவும் தேவையில்லை. நடுப்பெட்டி உன்னுடையதுதான்."

"கறுத்தால் பழசாகிவிடுமா?"

"பழசைப்போல இருக்கும். அது போதும்."

பேரின்பநாதன் சம்மதித்தார். அடுத்த சனிக்கிழமை லாவாலுக்குப் போவதாக ஏற்பாடு; அவர் தொலைபேசியில் நேரம் பேசியது குசினிவரைக்கும் கேட்டது.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே ஏதோ பிசகு என்று பட்டது. சாமித்தட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் போன கிழமையின் எண்ணெய்க்கறை அப்படியே வழிந்திருந்தது, தண்டில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. கல்யாணம் செய்து வந்த காலத்திலிருந்து வெள்ளிக்கிழமையில் அந்த விளக்கு மினுங்காமல் அவர் கண்டதில்லை. அவள் காய்ச்சலில் கிடந்த வெள்ளிக்கிழமைகளும் இதில் அடக்கம்.

"விளக்கு மினுக்கேல்லையோ?"

"நீங்கள் வாங்கின விளக்கு."

"அதுக்கு?"

"எது மினுக்கலாம், எது மினுக்கக்கூடாது எண்டு எனக்குத் தெரியாது. நாளைக்கு அதுவும் ஏதும் நூறு வருசச் சாமான் எண்டு சொல்லுவியள்." காய்கறி வெட்டுவதை அவள் நிறுத்தவில்லை. "நாளைக்கு லாவாலுக்குப் போறியள்தானே. கறுப்பாக்கிக்கொண்டு வாங்கோ. நான் அந்தப் பக்கமே வர மாட்டன்."

பகிடிக்கு நல்ல இடம்தான், ஒன்றும் வரவில்லை. அவள் வெங்காயம் வெட்டவில்லை, கரட் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

சாப்பிட்டபின் பேரின்பநாதன் ஜெராருக்குத் தொலைபேசியில் சொன்னார்: "லாவாலுக்கு நான் வரவில்லை." காரணம் கேட்டபோது கார் இருமுகிறது என்றார். அது உண்மைதான், ஆனால் அது காரணமில்லை. உண்மையான காரணத்தை அவர் அடுத்த கிழமை ஒரு சின்ன மட்டையில் எழுதினார். கண்காட்சியில் காசுக்குப் பக்கத்தில் வைக்கிற விபர மட்டை. தொழிற்சாலையிலிருந்து நல்ல வெள்ளை மட்டையாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்து, பிரெஞ்சில் எழுதி, அவளுடைய படப்புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதில பிழை இருந்தால் திருத்திவிடும். உம்முடைய பிரெஞ்சுதானே இந்த வீட்டில சரியான பிரெஞ்சு."

சிவாஜினி வாசித்தாள்.

*மூன்று சதம். மாதிரிக் காசு, செம்பு, 1865. சரஸ்வதி பூசைக்காகச் சிவாஜினி பழப்புளி போட்டுக் கழுவியது. லாசால், 2025.*

அவள் ஒரு பேனையை எடுத்து இரண்டு எழுத்துக்களைத் திருத்தினாள். மட்டையை அவரிடம் கையில் தராமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கண்காட்சியன்று பேரின்பநாதன் நேரத்தோடு போய்க் கதிரை அடுக்கி முடித்து, நடுப்பெட்டியைத் திறந்து காசை வைத்தார், மட்டையையும் வைத்தார். ஜெரார் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் காசின் நிறத்தில் இருந்தது.

"பெரி, இது என்ன?"

"காசின் வரலாறு. யாரிடம் இருந்தது, என்ன நடந்தது என்று எழுதத்தானே சொல்வீர்கள்?"

"யார் வைத்திருந்தார்கள் என்று எழுதலாம். யார் நாசமாக்கினார்கள் என்று எழுதுவதில்லை. கழுவிய காசை நடுப்பெட்டியில் வைக்க முடியாது."

"சட்டத்தில் இருக்கிறதா?"

"எழுதித்தான் வைக்கவேண்டுமா? எல்லோருக்கும் தெரிந்த விசயம்."

"லாவாலில் கறுப்பாக்கியிருந்தால் வைத்திருப்பீர்கள்."

பேரின்பநாதனின் பிரெஞ்சு தொழிற்சாலையில் பொறுக்கியது. தூக்கு, இறக்கு, கவனம் என்பதைத் தாண்டினால் திணறும். இருந்தாலும் அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தார்.

"அவள் கழுவியது கடவுளுக்கு மரியாதை செய்ய. உங்கள் லாவால்காரர் கறுப்பாக்குவது பார்க்கிறவரை ஏமாற்ற. இரண்டில் எது அழுக்கு என்று நீங்களே சொல்லுங்கள். இந்தக் காசை அடித்தவர்களே வேண்டாமென்றார்கள், ஜெரார். அதற்குப் பிறகும் அது இருக்கிறது. பழப்புளிக்கா பயப்படப்போகிறது?"

ஜெரார் பெருமூச்சு விட்டார். நடுப்பெட்டியில் கனடாவின் பழைய ஒரு சதம் ஒன்று போய் உட்கார்ந்தது. பெரியின் காசுக்குக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை கிடைத்தது. வேறொருவராக இருந்தால் காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். பேரின்பநாதன் மேசைக்குத் துணி விரித்து, காசை ஒரு சின்னக் கண்ணாடி மூடிக்குள் வைத்து, மட்டையை முன்பைவிட நிமிர்த்தி நிறுத்தினார்.

முதல் ஒரு மணித்தியாலம் அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் கழிப்பறைக்கு வந்தவர்கள். அவர் கதவைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு இரவிச்சந்திரன் வந்தான். அவனுக்குப் பின்னால், குளிர்க் கோட்டுக்குக் கீழே சேலைக்கரை தெரிய, சிவாஜினி.

"அக்காதான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவ," என்றான் இரவிச்சந்திரன். "எனக்கொண்டும் தெரியாது. அண்ணை, நல்ல இடமாப் பிடிச்சிருக்கிறியள். ஒருத்தரும் வராமல் போகேலாது."

சிவாஜினி மண்டபத்தின் நடுவைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் இருந்த வேறு காசைப் பார்த்தாள்.

"என்னாலயோ?"

"இல்லை, என்ர வாயாலை."

அவள் கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். சங்கத்துக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. அவளுடைய ரோல்ஸ்தான் வந்திருக்கின்றன.

ஓய்வுபெற்ற பல் வைத்தியர் கழிப்பறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மட்டையை வாசித்து, கண்ணாடியைப் போட்டு இன்னொருமுறை வாசித்தார்.

"மதாம், நீங்கள்தானா சிவாஜினி? நூற்றறுபது வருசத்தைக் கழுவி ஊற்றிவிட்டீர்களே."

"ஓம், நான்தான்," என்றாள் சிவாஜினி, பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிற தெளிந்த பிரெஞ்சில். "நூற்றறுபது வருச அழுக்கோடு ஒன்றை எப்படி ஐயா சாமிக்கு முன்னால் வைக்கிறது? நீங்கள் பல் வைத்தியராமே. பழசு என்று சொல்லி நீங்கள் பல்லுக் கழுவாமல் விட்டீர்களா?"

இரவிச்சந்திரனுக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் வைத்தியரின் முகத்தைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான். வைத்தியர் சிரிக்கவில்லை. நாசவேலை என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆனால் போனவர் விமானியிடம் சொல்லியிருக்க வேண்டும், விமானி வந்தார். அவரோடு ஒரு பெண் வந்தாள். அவளுக்குக் காசில் அக்கறையில்லை. பழப்புளி எங்கே வாங்கலாம், தன் செம்புப் பாத்திரத்துக்குச் சரிவருமா என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மேசையைச் சுற்றிச் சிலர் நின்றார்கள். சிலர் தலையை ஆட்டினார்கள், ஒருவர் முகத்தைச் சுளித்தார். நடுப்பெட்டியின் ஒரு சதத்தை ஒருவர்தான் பார்த்தார், அவரும் அதற்குப் பின்னால் சுவரில் தொங்கிய கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கலாம்.

அப்போதுதான் ஜெரார் வந்து பேரின்பநாதனின் தோளில் கை வைத்தார்.

"பெரி, நான் யோசித்தேன். காசு நடுப்பெட்டிக்கு வரட்டும். இவ்வளவு பேர் கேட்கிறார்கள். அந்த மட்டையை மட்டும் எடுத்துவிடு. காசின் பெயரும் ஆண்டும் போதும்."

பேரின்பநாதன் நடுப்பெட்டியைப் பார்த்தார். அந்த விளக்கு வெளிச்சத்தில் தன் காசு எப்படி இருக்கும் என்று பல வருசமாக மனதில் பார்த்து வைத்திருந்தார். இப்போது இந்தப் புது நிறத்தில் இன்னும் நன்றாகவே இருக்கும், அதுதான் கொடுமை.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சிவாஜினி தமிழில் மெல்லச் சொன்னாள்.

"போய் வையுங்கோ. உங்கட ஆசைதானே. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

"நீர் சும்மா இரும்," என்றார் அவர். பிறகு ஜெராரிடம் திரும்பினார். "மட்டை வந்தால் காசு வரும். மட்டை வராவிட்டால் இரண்டும் இங்கேதான்."

"கழிப்பறைக்குப் பக்கத்திலா?"

"எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இதைவிட மோசமான வாசலிலும் நின்றிருக்கிறோம்."

ஜெரார் குனிந்தார். மட்டையைத் திரும்ப வாசித்தார். நடுப்பெட்டியின் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். கோபமாகப் போனாரா, யோசித்துக்கொண்டு போனாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அண்ணை, நடுவில வைச்சிருந்தால் ஒரு படமாவது எடுத்திருப்பன்," என்றான் இரவிச்சந்திரன்.

"இஞ்ச வைச்சு எடன். கதவும் விழட்டும்."

அதற்குள் செம்புப் பாத்திரக்காரப் பெண் ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும்படி கேட்டாள். சிவாஜினி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தொடங்கினாள்.

"பூசையன்று என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? பத்திரமாகக் கூட்டுக்குள் இருந்த காசை வெளியே எடுத்து, வெறும் தட்டத்தில் போட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கப் போனார்."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேரின்பநாதனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்ன கதையில் குற்றவாளி அவர்தான். பாட்டுப் பாடியது மட்டும் அவளுடைய சொந்தச் சேர்க்கை. மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அவள் நெடுநாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, மற்றவர்கள் கிட்ட நின்று பார்க்கட்டும் என்று கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னொருமுறை கழுவுவீர்களா?" என்று சிநேகிதி கேட்டாள்.

"அடுத்த வருசமும் பூசை வரும்," என்றாள் சிவாஜினி.